எம்.ஏ. வேண்டாம், நைனா

மலைப் படியில் பாதி தூரம் ஏறியிருப்போம். நைனா எனக்கு நாலைந்து படி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கையில் தேங்காய், பழம், கதம்பம் வைத்த பித்தளைத் தட்டு. மேல்துண்டை இடுப்பில் சுற்றியிருந்தார். முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. கால் மடங்கியது, உட்கார்ந்தேன். ஆனி வெயிலில் கருங்கல் படி சுட்டது. அப்படியும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கொஞ்சம் மேலே போன பிறகுதான் நைனா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கால் வலிக்குதா?"

"கால் இல்ல நைனா."

"தாகமா? மேல மண்டபத்துல மோர் ஊத்திகினு இருப்பாங்க. கொஞ்ச தூரந்தான்."

"அதுவும் இல்ல."

இறங்கி வந்து புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். யாருக்கு என்ன என்றாலும் முதலில் காய்ச்சலா என்று பார்ப்பது அவர் வழக்கம். திருத்தணி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் அவர்.

"காய்ச்சல் இல்ல" என்றார்.

"எம்.ஏ. வேண்டாம் நைனா" என்றேன்.

எங்களைத் தாண்டி ஒரு குடும்பம் ஏறியது. மொட்டைத் தலைகளில் சந்தனம். சந்தன வாசனை போன பிறகும் நைனா அதே படியில் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பட்டணத்தில் எம்.ஏ. இடம் கிடைத்ததற்காகத்தான் நாங்கள் முருகனுக்குத் தேங்காய் உடைக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

வீட்டில் விட்டார்கள்

என் ஹாஸ்டல் நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியிருந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: அந்தக் காலத்திலேயே பி.ஏ. முடித்தவர், மேலே படிக்காமல் ஏன் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனீர்கள், வீட்டில் விடவில்லையா என்று.

கேள்வியில் என்மேல் இரக்கம் தெரிகிறது. அது எனக்கு வேண்டியதில்லை. வீட்டில் விட்டார்கள். விட்டதுதான் சிக்கல்.

பெண் படிக்கக் கூடாது என்று சொன்ன அப்பாக்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. படி, இன்னும் படி என்று சொல்லும் அப்பாவிடம் 'போதும்' என்று எப்படிச் சொல்வது என்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் வீட்டில் சொல்ல முடியாததை மலைப் படியில் சொன்னேன்.

உலகச் சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. ரேஷன் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. தாலுகா கச்சேரியில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். அம்மாவுக்கு நகரிப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன. அம்மா சமையல் பேச்சைத் தமிழில் பேசுவாள். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவாள்.

மருந்து ஜன்னல்

ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில் ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் நைனா நிற்பார். காலையிலிருந்தே காலிப் பாட்டிலும் கையுமாக ஜனங்கள் வரிசை கட்டுவார்கள். பெரிய ஜாடியிலிருந்து மிக்சர் மருந்தை ஊற்றி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தை ஓரத்தில் வெட்டி வெட்டிப் பாட்டிலின்மேல் ஒட்டித் தருவார். சுற்று வட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் அவரையே டாக்டர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். "டாக்டர் உள்ள கீறாரு, நான் கலக்கித் தரவன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அடுத்த வாரம் அதே ஆள் வந்து மறுபடியும் கும்பிடுவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் ஓமத் தண்ணீரும் டிங்சரும் கலந்த வாசனை இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் அது போகாது. இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் அவர் பக்கத்தில் எங்கேயோ இருப்பதுபோல் ஒரு கணம் தோன்றும்.

மூன்றாவது பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, அவர் படிப்பு நின்றது. அவருடைய அப்பா இறந்துபோனதால் வேலைக்கு வந்துவிட்டார். இதை அவர் வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொல்வார்.

நான் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தால் என் டிரங்குப் பெட்டியை அவர்தான் திறப்பார். துணிகளைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அடியில் இருக்கும் புத்தகங்களை எடுத்துக்கொள்வார். என் சரித்திரப் புத்தகங்கள் எல்லாம் லீவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும். கூட்டம் குறைந்த நேரத்தில் ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடியே படிப்பார். விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். புத்தகம் திரும்பி வரும்போது பக்கங்களில் ஊதாவும் மஞ்சளுமாகக் கறை இருக்கும்.

இரவுச் சாப்பாட்டில் கேள்வி ஆரம்பிக்கும்.

"பிரெஞ்சுக்காரங்கோ அந்த ராஜா தலைய வெட்டினாங்க இல்ல? அப்படி வெட்டிட்டு, மறுபடி ஒத்தனுக்கு எதுக்கு கிரீடம் வெச்சாங்க? அதுக்கு முதல் ராஜாவயே வெச்சிகினு இருக்கலாமே."

நான் நோட்ஸில் இருப்பதைச் சொல்வேன். அவருக்குப் போதாது. அந்த ராஜாவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் கதி என்ன, ரொட்டி விலை ஏறினால் ராஜாவை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போவார். அம்மா குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு, "ராஜா செத்து எவ்ளோ நாளாச்சி. சோறு ஆறுது" என்பாள்.

அக்கரையில் எழுத்து

இவ்வளவையும் பார்த்தால் படிப்பில் எனக்குக் கொள்ளை ஆசை என்று தோன்றும். முதல் வருஷம் இருந்தது. இரண்டாம் வருஷம் டைபாய்டு வந்து, ஹாஸ்டலிலேயே ஓர் அறையில் தனியாகக் கிடந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முடி பிறகு வளர்ந்துவிட்டது. படிப்பில் இருந்த ருசி திரும்பவில்லை.

புத்தகத்தைத் திறப்பேன். எழுத்து ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதுபோல் இருக்கும். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு, என்ன படித்தோம் என்று கேட்டால் ஒன்றும் வராது. மற்றப் பெண்கள் அரட்டை அடித்துவிட்டுப் போய்ப் படுப்பார்கள். நான் விளக்கடியில் உட்கார்ந்து உருப்போடுவேன். அந்த வேகத்திலேயே பரீட்சை எழுதி, இரண்டாம் வகுப்பில் பாஸும் ஆனேன். எப்படி ஆனேன் என்று எனக்கே தெரியாது.

பாஸானது தெரிந்த அன்று நைனா ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வீட்டுக்கு, சப் ரிஜிஸ்திரார் வீட்டுக்கு, ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு. எல்லா இடத்திலும் காப்பி. எல்லா இடத்திலும், "பாப்பா, ஐயாகிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த பேசு." நான் பேசுவேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியாது என்று எப்படிச் சொல்வது.

"அடுத்து எம்.ஏ." என்பார் வாசலில் இறங்கும்போது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீடு திரும்பியதும் நான் போய்ப் படுத்துக்கொள்வேன். பகலில் படுக்கிறாளே என்று அம்மா கவலைப்பட்டாள். ரத்தம் குறைவாக இருக்கும் என்று நைனா இரும்பு டானிக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பல் கறுத்ததுதான் மிச்சம்.

காதில் பஞ்சு வைத்த டீச்சர்

ஒரு நாள் நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நடு வயது, கதர்ப் புடவை, வலது காதில் பஞ்சு. பள்ளிப்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, சுந்தரம்மா என்று பெயர். காதில் சீழ் வைத்து வாரம் ஒரு தடவை மருந்துக்கு வந்துகொண்டிருந்தார். காது சரியாகக் கேட்காததால் பேசுவதெல்லாம் உரக்க.

"இதுதான் உங்க பொண்ணா கம்பவுண்டர்?" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆங், இதுதாங்க. பி.ஏ. பாஸ் பண்ணிகினு வந்திருக்குது."

"எங்க ஸ்கூல்ல மேல் வகுப்புக்குச் சரித்திரம் சொல்லித்தர ஆளே இல்ல. ட்ரெயினிங் இல்லாட்டியும் பரவால்ல, பின்னால பாத்துக்கலாம். வந்து சேருதா கேளுங்க. என் வீட்டுலயே ஒரு ரூம் சும்மாத்தான் கீது."

நைனா சிரித்தார். ஒரு குழந்தை வந்து அவர் பேனாவைக் கேட்டால் எப்படிச் சிரிப்பாரோ அப்படி.

"அது எம்.ஏ.வுக்குப் போவுதுங்க."

"இன்னாது?"

"எம்.ஏ." என்று பஞ்சு வைக்காத காதுப் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"ஓ, அப்ப சரி" என்றார் அந்த அம்மாள். என்னைப் பார்த்து, "நல்லா படிம்மா" என்றுவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ரூமைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிப்பட்டை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு ரூம், ஒரு கரும்பலகை, யாரும் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாத ஊர். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. போதும்போல் இருந்தது.

அந்த வாரமே பட்டணத்திலிருந்து தகவல் வந்தது. எம்.ஏ.வில் இடம் உண்டு, ஹாஸ்டலிலும் இடம் உண்டு, ஜூலைக்குள் வந்து சேர வேண்டும். நைனா தேங்காய் வாங்கி வந்தார்.

மண்டபத் தூண்

எம்.ஏ. வேண்டாம் என்றதைக் கேட்டு நைனா அதே படியில் நின்றார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, "சாமிக்குன்னு எடுத்துகினு வந்தத திருப்பி எடுத்துகினு போவக் கூடாது" என்றார். "அந்த மண்டபத்துல நெழலா ஒக்காந்திரு. வந்துடறேன்."

தனியாக ஏறிப் போனார்.

நான் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிழவர் தட்டில் விபூதிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கீழே குளத்துப் பக்கம் யாரோ அரோகரா சொன்னார்கள். அது மேலே ஏறி வந்து என்னைத் தாண்டிப் போவதற்குள் தூங்கிவிட்டேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு எப்படித் தூக்கம் வந்தது என்று இப்போது யோசித்தாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம் அது.

விழித்தபோது நிழல் நகர்ந்திருந்தது. நைனா எனக்கெதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு, அதில் உடைத்த தேங்காய் மூடி. சந்தனம் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாரோ, எழுப்பவில்லை.

"போலாமா?" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டதற்கு, "ஆமா, ஜூலைல போவுது" என்று சொன்னதாக அம்மா சொன்னாள்.

அம்மாவிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். முறத்தில் பருப்பைக் கொழித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எம்.ஏ. வேணாம்னா கல்யாணமா?"

"இல்லம்மா. பள்ளிப்பட்டுல வேலை."

"வேலையா?" என்றாள். அதற்கு மேல் தெலுங்கில்தான் பேசினாள். படிக்கப் போனால் பட்டணம், வேலைக்குப் போனால் பள்ளிப்பட்டு, இந்த வீட்டில் பெண் தங்கவே தங்காதா என்பது அதன் சாரம். பேசி முடித்துவிட்டு, "அங்க தண்ணி நல்லா இருக்குமா?" என்று தமிழில் கேட்டாள்.

பொட்டலம் மடிக்கும் நேரம்

தூள் மருந்து மடிக்கும் காகிதங்களை நைனா வீட்டுக்கு எடுத்து வருவது வழக்கம். சாயங்கால வெளிச்சத்தில் கூடத்தில் உட்கார்ந்து அளவாக வெட்டுவார். சின்ன வயதிலிருந்து நானும் கூட உட்கார்ந்து அடுக்கித் தருவேன். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வருவது அந்த நேரத்தில்தான்.

மலைக்குப் போய்வந்து சில நாள் கழித்து அப்படி உட்கார்ந்திருந்தோம். கத்திரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பலேர்ந்து?" என்றார் நைனா, தலை நிமிராமல்.

"இன்னா நைனா?"

"படிப்பு புடிக்காம போனது எப்பலேர்ந்து?"

"ரெண்டாம் வருஷம். காய்ச்சலுக்கு அப்புறம்."

கத்திரிக்கோல் நின்றது.

"ரெண்டாம் வருஷமா? அதுக்கு அப்பால எத்தினி லீவுக்கு வந்த. ஒரு வார்த்த சொல்லலியே. நான் பாட்டுக்குப் புக்க வெச்சிகினு உன்ன கேட்டுகினே இருந்தேன்."

"நீங்க கேட்டது எனக்குப் புடிச்சிருந்தது நைனா. உங்களுக்குச் சொல்றப்பதான் எனக்கே புரியும். ரூம்ல ஒக்காந்து படிச்சாத்தான் ஒண்ணும் ஏறல."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டினார்.

"ஒரு வருஷம் வீட்ல சும்மா இரு. ஒடம்பு தேறட்டும். அடுத்த வருஷம் போ."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"டீச்சர் வேலைக்கு எட்டாவது படிச்சிட்டுக்கூட போறாங்களே பாப்பா. அதுக்கா இவ்ளோ படிச்ச?"

அந்தக் காலத்தில் அப்படித்தான் போனார்கள். அவர் சொன்னது கோபத்தில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் கேட்ட கேள்விகளில் நான் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் கடைசியில், மெதுவாக.

"தெரியும் நைனா."

வெளிச்சம் போய்விட்டது. மீதிக் காகிதத்தை அவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

கத்திச் சொன்னது

ஜூலை நெருங்கியது. அம்மா என் புடவைகளை மடித்து வைத்தாள். எந்த ஊருக்கு என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நைனாவுக்கும் இல்லை. இப்படியே இருந்தால் ஒரு காலையில் என்னைப் பட்டணத்து ரயிலில் ஏற்றிவிடுவார், நானும் ஏறிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

சுந்தரம்மா டீச்சர் மருந்துக்கு வரும் கிழமை எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தார். இப்போது இரண்டு காதிலும் பஞ்சு. பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், "டீச்சர், நான் வேலைக்கு வரேங்க" என்றேன்.

"இன்னாம்மா?"

"வேலைக்கு வரேங்க."

"காது இன்னும் அடச்சிகினு கீது. கொஞ்சம் உரக்கச் சொல்லு."

ஜன்னலுக்குப் பின்னால் நைனா ஒருவருக்கு மிக்சர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கணம், ஒன்றுமில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. திரும்பினால் அப்புறம் சொல்ல மாட்டேன் என்றும் தெரிந்தது.

"நான் எம்.ஏ.வுக்குப் போவல. உங்க ஸ்கூலுக்கு வரேன்" என்று கத்தினேன். வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் அப்படிக் கத்தியதில்லை. வராந்தாவில் பேச்சு நின்றது. டாக்டர் அறைக் கதவுகூடத் திறந்து மூடியது.

டீச்சர் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பா ஒத்துக்கினாரா?" என்று அதே உரத்த குரலில் கேட்டார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். நைனா பாட்டிலை மூடி, காகிதத்தை ஓரத்தில் வெட்டி, பசை தடவி, ஒட்டி, முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். "சாப்பிட்ட பின்னாடி" என்றார் அவரிடம். அடுத்தவருக்கும் கொடுத்தார். டீச்சரின் முறை வந்தது. சொட்டு மருந்துக் குப்பியை நீட்டினார்.

"காதுல தண்ணி படாம பாத்துக்கங்க" என்றார். பிறகு, அவருக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி, "எப்ப ஸ்கூல் தெறக்கறீங்க?" என்றார்.

"திங்கக்கிழம."

"திங்கக்கிழம கூட்டிகினு வரேன்."

என் பக்கம் கையை நீட்டினார். சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பெட்டில கம்பளி ஒண்ணு வெய். மார்கழில அங்க பனி அதிகம்" என்றார். அப்படித்தான் முடிவானது.

பழகிக்கொண்டார்

நைனா பிறகு மனம் மாறி, மகள் செய்தது சரி என்று சொன்னார் என எழுதினால் வாசகிக்குத் திருப்தியாக இருக்கும். அவர் சொல்லவில்லை. பழகிக்கொண்டார். யாராவது கேட்டால், "எம்.ஏ.வ கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்குது" என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கே இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் சொன்னார். நான் மறுத்ததில்லை.

நானும் அந்த முடிவால் பெரிய சந்தோஷத்தைக் கண்டுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட வேலையும் களைப்புத்தான். தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். நாள் முடிவில் தொண்டை கட்டிவிடும். ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது. காலையில் எழுந்திருக்க முடிந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கரி பஸ்

அந்தத் திங்கட்கிழமை நைனாவும் நானும் பள்ளிப்பட்டுக்குப் போனோம். அப்போது பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் ஒரு பெரிய இரும்பு உருளை, அதற்குள் அடுப்புக் கரி கனன்றுகொண்டிருக்கும். மேடு வந்தால் பஸ் நின்றுவிடும். பொதட்டூர்பேட்டை தாண்டி ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நைனாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபோது அதில் கறுப்பாக வந்தது.

பள்ளிக்கூடம் ஓடு போட்ட நீளக் கட்டடம். சுந்தரம்மா டீச்சர் காப்பி கொடுத்தார். ரூமைக் காட்டினார். நைனா ஜன்னலைத் திறந்து பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "தண்ணி பரவால்ல. அம்மாகிட்ட சொல்றேன்" என்றார்.

திரும்பிப் போக அதே பஸ்தான். வழியனுப்ப நானும் போனேன். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "வரேன் பாப்பா" என்றார். "சரி நைனா" என்றேன்.

பஸ் கிளம்பவில்லை.

க்ளீனர் பின்னால் போய்க் கரியைக் குத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்து விசிறியைச் சுற்ற ஆரம்பித்தான். புகை வந்ததே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. விடைபெற்றாகிவிட்டது. அவர் மேலே, நான் கீழே. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்ததுபோல் இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணுக்குக் கீழே கரி ஒட்டியிருந்தது. அன்றைக்குத்தான் அவர் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்று பார்த்தேன்.

"நீ போ. எவ்ளோ நேரம் நிப்ப" என்றார்.

"பரவால்ல."

க்ளீனர் கை மாற்றிக்கொண்டு சுற்றினான். நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டார்:

"நாளைக்கு இன்னா பாடம் நடத்தப் போற?"

"ஹுமாயூன்."

"யாரு, அக்பரோட நைனாவா?"

"ஆங். ராஜ்யத்த வுட்டுட்டு ஓடிப் போறாரே, அந்தப் பாடம்."

"ராஜாவா இருந்துகினு எதுக்கு ஓடினாரு?"

"சண்டைல தோத்துட்டாரு நைனா. கூடப் பொறந்தவங்களே சேத்துக்கல. பாலைவனத்துல போய்கினே இருக்காரு. குடிக்கத் தண்ணி இல்ல. குதிரைங்க விழுந்து விழுந்து சாவுது. சம்சாரம் மாசமா இருக்காங்க. ஒரு கட்டத்துல அவங்க ஏறி வந்த குதிரையும் விழுந்துடுது."

"அய்யய்ய" என்றார் நைனா. முன்னால் சாய்ந்துகொண்டார்.

"கூட வந்தவங்க யாரும் தங்களோட குதிரைய தர மாட்டேன்றாங்க. ராஜா தன் குதிரைய அந்தம்மாவுக்குக் குடுத்துட்டு..."

என்ஜின் பிடித்தது. பஸ் முழுதும் குலுங்கியது. க்ளீனர் ஓடி வந்து தொற்றிக்கொண்டான். சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. நான் இரண்டு எட்டு கூட நடந்தேன்.

நைனா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். கேட்கவில்லை. ஆனால் வாய் அசைவு தெரிந்தது.

"அப்பால?"